பேச்சியம்மா சொன்ன மூன்று வசனங்கள்

பேச்சியம்மாவைப் பற்றி அரசாங்கக் காகிதங்களில் ஏறியிருப்பவை நாலைந்து விஷயங்கள்தான். அப்பாவின் பெயர் பிழையாக விழுந்த ஒரு பிறப்புச் சான்றிதழ், முப்பது வயதுக்குப் பிறகு கிடைத்த அடையாள அட்டை, கலியாணப் பதிவு, கணவரின் மரணச் சான்றிதழ், கடைசியாக ஒரு நீதிமன்ற வழக்கேடு. அந்த வழக்கேட்டில் 'குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்' என்று சிங்களத்தில் ஒரு வரி இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

என் பெயர் யோகேஸ்வரன். இருபத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கத்தில் அந்த உத்தியோகத்தை முதலியார் என்பார்கள். அது சாதிப் பெயரல்ல, வேலையின் பெயர். நீதவான் சிங்களத்தில் கேட்பார், தோட்டத்துச் சனம் தமிழில் பதில் சொல்லும், நடுவில் நிற்பவன் முதலியார். அங்கே கேட்டதைக் கேட்டபடி இங்கே கொடுக்க வேண்டும், இங்கே சொன்னதைச் சொன்னபடி அங்கே கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு ஒரு மயிரளவு அதிகாரமும் கிடையாது. எந்த ஊர் நீதிமன்றம் என்று நான் எழுதப் போவதில்லை. கட்டடம் ஒரு பிழையும் செய்யவில்லை.

நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்த வீடு. படித்து, சிங்களம் கற்று, பரீட்சை எழுதி, கழுத்தில் டை கட்டிக்கொண்டு நீதவானுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்துப் பிள்ளை கோர்ட்டில் மொழி சொல்லுகிறான் என்று எங்கள் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லை மீறுவது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் இரக்கமாகத்தான் வந்தது. ஒன்பதரைக்கு நீதவான் வருவதற்கு முன், வராந்தாவில் தோட்டத்துச் சனம் குந்தியிருக்கும். விறகு வெட்டிய கேஸ், கள்ளச் சாராயக் கசிப்புக் கேஸ், பக்கத்துக் காம்பராவோடு அடிதடிக் கேஸ். நான் போய், "என்ன கேசு?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, "ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிரும். இல்லேன்னா பத்துத் தடவை வரணும், பத்து பேரு போகும்" என்பேன். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு விழும் சம்பளத்தைத்தான் 'பேர்' என்பார்கள். பத்து பேர் போனால் அந்த மாதம் அடுப்பு எரியாது. அதனால் பெரும்பாலானவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு தலையாட்டாதவர்களுக்காகவும் நானே தலையாட்டத் தொடங்கினேன். கூண்டில் ஏறி ஒருவர் நீட்டி முழக்கினால், "ஒப்புக்கொள்கிறார்" என்று ஒரே வார்த்தையில் முடித்து வைப்பேன். நீதவான்மாருக்கும் வசதி, பட்டியல் சீக்கிரம் முடியும். எல்லாருக்கும் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. யார் கேட்டார்கள் இந்த நல்லதை?

நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் செல்லசாமி என்று ஒரு காவல்காரர். காட்டு மரம் வெட்டிய கேஸில் வந்தவர். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு பை நிறைய அவகாடோக்களைச் சுமந்துகொண்டு கோர்ட்டு வாசலில் வந்து நின்றார். பிறகு அவரைக் காவல் வேலையிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. அவகாடோ நன்றாக இருந்தது.

பேச்சியம்மா அதே மேல் டிவிஷனில் பிறந்தவர். அன்றைக்கு "இந்தாம்மா" என்று அதட்டியவன்தான் நான், இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். இது மரியாதையா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய சித்தப்பாமார் இரண்டு பேரும் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அப்பா மட்டும், நட்ட செடியை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பதினாறு வயதில் மலையேறினார். கொழுந்தெடுக்கும் ஊரில் மலை என்றால் தேயிலை மலைதான். பேக்டரியில் வேலை செய்த சின்னத்தம்பியைக் கட்டினார். ஒரு மகள், சர்மிளா. சின்னத்தம்பி நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அவருடைய கொழுந்தைப் பற்றி அந்த டிவிஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முத்தல் இலை ஒன்றுகூட இருக்காது. எடை கூட வேண்டும் என்று சாக்குக்குள் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. தன் எடையில் ஒரு துளி கூட்டமாட்டார், ஒரு துளி குறைக்கவும் விடமாட்டார். கொழுந்து நிறுக்கிறபோது, சாக்கின் எடை என்று சொல்லி, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு இரண்டு கிலோ வெட்டுவது அங்கே வழக்கம். ஒருநாள் பேச்சியம்மா எல்லார் முன்னாலும் கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெறுஞ்சாக்கைத் தராசில் தொங்கவிட்டார்.

"இதையும் நிறுத்துப் பாருங்க கண்டாக்கு ஐயா. ரெண்டு கிலோ இருந்தா நாளையிலேருந்து நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. களம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த டிவிஷனில் ஒரு கிலோதான் வெட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பைச் சிலர் மறக்கவில்லை என்றும் நினைக்கிறேன்.

ஒரு வருஷம் டிவிஷனிலேயே அதிகக் கொழுந்தெடுத்ததற்காகத் தோட்டத்தை நடத்தும் தொரை அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். காம்பராவில் நுழைந்தவுடன் தெரிகிற மாதிரி அதை மாட்டி வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியபோது முழங்கால் விட்டுவிட்டது. ஏற்ற மலைகளில் மற்றவர்கள் இரண்டு வரிசை முடிக்கையில் அவர் ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்கு ஓய்வு வந்தது. அந்த வேலை பேச்சியம்மாவுக்குத்தான் என்று தொரை வாயால் சொல்லிவிட்டார். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். இனி மலையேற வேண்டாம், பிள்ளைகளோடு காலத்தைப் போக்கலாம் என்று பக்கத்துக் காம்பராவில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியில், லயத்துக்குப் பின்னால் அவர் போட்டிருந்த பூசணிக் கொடிக்குள் ஒரு சாக்குக் கொழுந்து கிடந்தது. வெளியே விற்கத் திருடி ஒளித்து வைத்தது என்று தோட்டம் சொன்னது. சாக்கில் நீலப் பெயின்டில் இருநூற்றுப் பதினான்கு என்று எழுதியிருந்தது. அது பேச்சியம்மாவின் இலக்கம். பொலிஸ் வந்தது. அடுத்த கிழமை கோர்ட்டு.

அன்று காலை வராந்தாவில் அவரைப் பார்த்தேன். நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல விசாரித்தேன், வழக்கம்போலப் பாடம் சொன்னேன்.

"ஒத்துக்கம்மா. சின்னத் தண்டம்தான் போடுவாரு. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்."

"செய்யாதத எப்படிங்க ஐயா ஒத்துக்கிறது?"

"செஞ்சியோ செய்யலையோ, அத யாரு கேட்டா? முடிக்கிற வழிய சொல்றேன்."

"எனக்கு முடியலேன்னாலும் பரவாயில்லீங்க. நான் திருடல."

எனக்குக் கோபம் வந்தது. அறுபது கேஸ் அன்றைக்கு. நான் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பேர் பிழைத்துப் போயிருக்கிறார்கள், இவர் என்ன அவ்வளவு பெரிய நியாயக்காரி என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் சொல்லியும் சிரித்தேன்.

அவரைக் கூப்பிட்டார்கள். குற்றச்சாட்டை வாசித்தார்கள், நான் தமிழில் சொன்னேன். குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று நீதவான் கேட்டார், அதையும் சொன்னேன். பேச்சியம்மா மூன்று வசனங்கள் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அவை ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கின்றன.

"சாக்கு என்னோடதுதாங்க. கொழுந்து நான் எடுக்கலீங்க. அந்தச் சாக்கு காணாமப் போயிருச்சுன்னு ரெண்டு நாளைக்கு முன்னயே ஆண்டியப்பன் கங்காணிகிட்ட சொல்லியிருக்கேன், அவரக் கூப்பிட்டுக் கேளுங்க."

முதல் வசனத்தை மொழிபெயர்த்தேன். சாக்கு தன்னுடையது என்கிறார், என்றேன். மற்ற இரண்டையும் விழுங்கினேன். அவற்றின் இடத்தில் என்னுடைய வசனம் ஒன்றை வைத்தேன். "வரதிகாரயி." குற்றவாளி என்கிறார்.

தோட்டத்துச் சனத்துக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும். பேச்சியம்மாவுக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்து, பேசாமல் இரு என்று சாடை காட்டினேன். அவர் பேசாமல் இருந்தார். நம்மாள், ஏதோ நமக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தாராம். இதைப் பிறகு அவரே சொன்னார். நீதவான் முதல் குற்றம் என்று பார்த்து, சிறு தண்டம் போட்டு ஏட்டை மூடினார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

வெளியே போகும்போது வராந்தாவில் என்னை மறித்தார். "ஐயா, நான் எடுக்கலேன்னுதானே சொன்னேன்?"

"அதெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. பஸ்ஸப் புடிச்சுப் போ" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடையும் நான் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் கிழமை தோட்டம் அவரை வேலையை விட்டு நிறுத்தியது. நீதிமன்றத்தில் தன் வாயாலேயே திருட்டை ஒப்புக்கொண்டதால் என்று காரணம் எழுதி, அந்தக் கடிதத்தின் பிரதியைப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டினார்கள். காலையில் தொழிலாளர் எல்லாரும் கூடி, யார் யார் எந்த மலைக்கு என்று வேலை வாங்கிப் போகிற இடம் அது. முந்நூறு பேர் பார்வையில் அது இரண்டு மாதம் தொங்கியது. பிள்ளைக்காம்பரா வேலை வேறொருவருக்குப் போனது. பேச்சியம்மா சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார், சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தோட்ட ஒபீஸுக்குப் போய் மேசையில் வைத்தார். "திருடிக்குப் பரிசு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

அடுத்த வருஷக் கடைசியில், தொழில் வழக்குகளைக் கேட்கிற நியாயசபையில் மொழிபெயர்ப்பாளர் பிரசவ லீவில் போனார். கிழமைக்கு இரண்டு நாள் என்னை அங்கே அனுப்பினார்கள். ஒரு புதன்கிழமை காலை பட்டியலைப் பார்த்தேன். பேச்சியம்மாவின் பெயர் இருந்தது. வேலை நீக்கத்தை எதிர்த்து மனுப் போட்டிருந்தார். கண்டியிலிருந்து பிரியந்தி என்று ஒரு சிங்கள வழக்கறிஞர் பிள்ளை அவருக்காக இலவசமாக வந்திருந்தார். இந்த வழக்கில் நான் நிற்கக் கூடாது என்று நியாயசபைத் தலைவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் சொல்லவில்லை. வேட்டைக்காரன் வருவது தெரிந்தும் புதருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் முயல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பேச்சியம்மா உள்ளே வந்தார், என்னைக் கண்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவரும் தலைவரும் பேசுவது எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

தோட்டத்து வழக்கறிஞர் எழுந்து, வழக்கேட்டைத் தூக்கிக் காட்டி, நீங்கள் மறுத்திருந்தால் ஒப்புக்கொண்டதாக இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"நான் எடுக்கலேன்னுதாங்க சொன்னேன். மொழி சொன்னவரு மாத்திச் சொல்லிட்டாரு."

தண்ணீர் குடித்தேன். பிறகு சிங்களத்தில், மொழிபெயர்ப்பில் ஏதோ தவறு நேர்ந்திருக்கலாம் என்கிறார், என்றேன். பழக்கம் அப்போதும் போகவில்லை. 'மாத்திச் சொல்லிட்டாரு' என்பதைச் சீவி, சிராய் எடுத்து, எனக்குக் குத்தாத அளவுக்கு வழவழப்பாக்கித்தான் கொடுத்தேன்.

தலைவர் நிமிர்ந்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் யார், பெயர் தெரியுமா, பார்த்தால் அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். அந்த வழக்கேட்டில் என் பெயர் எங்கும் இல்லை. கேள்வியைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்தார். தலைவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிரியந்தி தன் கட்சிக்காரரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது அரை நாள்.

"ஞாபகம் இல்லீங்க" என்றார் பேச்சியம்மா.

"மதக நே" என்றேன் நான். ஞாபகம் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருவர் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல், ஒரு எழுத்தும் குறைக்காமல், அவ்வளவு வேகமாக மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான். சொன்னதைச் சொன்னபடி கொடுப்பதுதானே என் வேலை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆண்டியப்பன் கங்காணி சாட்சி சொல்ல வரவில்லை. மனு தள்ளுபடியானது. யார் என்றும் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் மீது சொல்லும் பழியை வைத்து நீதிமன்ற ஏட்டைப் பொய்யென்று கொள்ள முடியாது என்று தீர்ப்பில் இருந்தது. நியாயமான தீர்ப்பு. அதையும் நான்தான் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டார்கள். ஏழை எளிய தோட்ட மக்களின் குரலாக இருந்தவர் என்று ஒருவர் பேசினார். குரலாக இருந்தேன், உண்மைதான். அவர்களுடைய குரலைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நான் இருந்தேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றேன். மனைவி ரஜனி, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். அவளிடம்கூட அன்றைக்குச் சொல்லவில்லை.

இந்த வருஷம் தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். பேச்சியம்மா லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. "வாங்க ஐயா" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீயும் சின்னத் தட்டில் சீனியும் கொண்டுவந்து வைத்தார். எதிர்ச் சுவரில், பெயின்ட் மங்காத ஒரு வட்டம் இருந்தது. கடிகாரம் இருந்த இடம்.

தேத்தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏம்மா ஞாபகம் இல்லேன்னு சொன்னீங்க?"

"நல்லா ஞாபகம் இருந்திச்சுங்க. ஆனா நான் இவருதான்னு கைய நீட்டினா, அத நீங்கதானே சிங்களத்துல சொல்லணும்? நான் சொன்ன மாதிரி இல்ல, நீங்களே சொன்ன மாதிரி ஆயிரும். ஒரு மனுசன அவரு வாயாலயே எப்படிங்க மாட்டி விடுறது? எனக்கு அப்படித்தானே செஞ்சாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இன்னொன்னும் நெனைச்சேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனைச்சேன். அதான் கொஞ்ச நேரம் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அறுபது வயது ஆள், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். அவர் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். நான் அழுவதைப் பார்க்காமலிருக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

வழக்கறிஞர் பிரியந்திக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன், சத்தியக் கடதாசி முடித்துத் தருகிறேன், மேலே கொண்டுபோகலாம் என்றேன்.

"எழுதுங்க. எனக்கு இனி வேலை வேணாங்க, வயசு போயிருச்சு. ஆனா அந்தக் கடுதாசிய ஒட்டினது கோர்ட்டுல இல்லீங்களே, பெரட்டுல. சர்மிளா இன்னமும் அங்கதான் தினம் போயி நிக்கிறா. திருடி மகளுன்னு பின்னால நின்னு பேசுறாங்க. நீங்க பெரட்டுக்கு வந்து சொல்லுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, மூன்று கிழமையாக அந்தப் பக்கமே போகவில்லை. முதல் கிழமை மழை என்றேன். இரண்டாம் கிழமை பென்ஷன் காகிதம் என்றேன். மூன்றாம் கிழமை ரஜனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இத மனசுல வச்சுக்கிட்டுத்தானா என்னைய இவ்வளவு நாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். அடுத்த நாள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நின்றேன்.

பெரட்டுக் களத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். பனி இன்னும் மலையை விட்டு எழும்பவில்லை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்குத்துணி கட்டி, கொழுந்துச் சாக்குகளோடு நின்றார்கள். பேச்சியம்மா களத்தின் ஓரத்தில், வேலையில்லாதவர் நிற்கிற தூரத்தில், மகளுக்குப் பக்கத்தில் நின்றார். கண்டாக்கு ஐயா சிங்களப் பொடியன், புதிதாக வந்தவர். இரண்டு நிமிஷம் பேசட்டுமா என்று கேட்டேன். என் வெள்ளைத் தலையைப் பார்த்துச் சரி என்றார்.

எழுதிக்கொண்டு போன தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. பேச்சியம்மா அன்று சொன்ன மூன்று வசனங்களையும் அவர் சொன்னபடியே சொன்னேன். பிறகு, "நான்தான் அப்ப முதலியார். இதுல ரெண்ட நான் சொல்லல. குத்தத்த ஒத்துக்கிறாங்கன்னு நானாச் சொன்னேன். இவங்க ஒத்துக்கல. இவங்க திருடல" என்றேன்.

ஆண்டியப்பன் கங்காணி தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சர்மிளா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்டாக்கு ஐயா, என்ன சொன்னீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு வசனமாக, முழுவதையும். நாக்கு தடுமாறவில்லை. அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதில் இப்போது உர வேலை அட்டவணை ஒட்டியிருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். என்னையறியாமல் நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று. அந்த லேசைக் கண்டுதானோ என்னவோ, ஆண்கள் நின்ற வரிசையில் புல்வெட்டுக் கத்தியோடு ஒருவர் முன்னால் வந்தார். செல்லசாமி. மெலிந்திருந்தார். குரலில் கோபமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரித்தான் கேட்டார்.

"ஐயா, அந்த மரக் கேசு. எனக்கும் நீங்கதான் மொழி சொன்னீங்க. அதுலதான் காவ வேலை போச்சு. நான் அன்னிக்கு எவ்வளவோ சொன்னேன். நீங்க அதுல எதச் சொன்னீங்க?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் வரிசையை விட்டு வந்து நின்றார்கள். எனக்கு அந்த முகங்கள் தெரியவில்லை. நான் செல்லசாமியின் கேஸை நினைத்துப் பார்த்தேன். கூண்டு, நீதவான், கிளார்க்கு எல்லாம் வந்தன. அவகாடோப் பையும் வந்தது. அவர் அன்று வாய் திறந்து என்ன சொன்னார் என்பது மட்டும் வரவேயில்லை. அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால்தானே வரும்?

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

களத்தின் ஓரத்தில் பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.